மாங்குளம் தாண்டிப் பதினொரு நிமிடம்

முதல் தடவை காட்டப்போன அன்று படம் பொல்கஹவெலக்கு முன்பே நின்றுபோனது.

வாடிக்கை நிறுவனத்திலிருந்து வந்திருந்த மனிதர் பத்துச் செக்கன் பொறுத்தார். திரையின் நடுவில் வெள்ளை வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே தென்னந்தோட்டங்களைப் பார்க்கத் தொடங்கினார். அவர் ஏதாவது ஏசியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும் என்று எதிர் இருக்கையில் இருந்த சாம்பவிக்குப் பட்டது.

சாம்பவிக்கு முப்பத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், தாயோடு இருந்தாள். வேலை கொட்டாஞ்சேனையில். கல்யாண உடுப்பு வாடகைக்கு விடும் கடையொன்றின் மேல்மாடியில் ஏழு பேர் கொண்ட சிறிய கம்பனி அது. நடத்துபவர் பேர்னாட். ஒரு காலத்தில் தொலைபேசிக் கோபுரங்களில் ஏறித் திரிந்தவர், இப்போது முழங்கால் வலியோடு ஒரே மாடிப்படியைத் திட்டிக்கொண்டு ஏறுகிறவர். யாழ்ப்பாணத்துக்குப் போகும் கடுகதி ரயிலில், ஒரு பெட்டியில் இருக்கிற பயணிகள் எல்லோரும் தடங்கலில்லாமல் படம் பார்க்க வேண்டும். அதுதான் அவர் எடுத்திருந்த வேலை. படங்களை இணையத்தில் காட்டும் நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது.

"ஆறு கிழமை தந்திருக்காங்க, சாம்பவி. பிறகு வேற ஆளை அனுப்பிப் பாப்பாங்களாம்," என்றார் பேர்னாட். "அதுவும் சரிவராட்டி நாம பழையபடி ஹோட்டலுகளுக்கு வைஃபை பூட்டப் போவம். அதுல ஒரு வெக்கமும் இல்ல. ஆனா எனக்கு ஏணி ஏறேலாது."

சிக்கல் எங்கே என்று சாம்பவிக்குத் தெரியும். வீட்டிலிருந்து படம் பார்க்கும்போது, கடைசிச் சில செக்கன்களில் இணைப்பு எப்படி இருந்தது என்று பார்த்து, அதற்கேற்பப் படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். வீடு நகராது. மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ரயில் அப்படியல்ல. இணைப்பு நன்றாயிருக்கிறது என்று கண்டுபிடித்து முடிக்கிற நேரத்தில் அந்தக் கோபுரம் பின்னால் போயிருக்கும். முன்னால் காடு வந்திருக்கும்.

அதை உடைத்தது அர்ஷாத். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், மருதானைக்காரன். பகல் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி சொன்னான்:

"பஸ்ஸெண்டா எங்க திரும்பும் எண்டு செல்லேலா. ரயில் எங்க போகப்போகுது? தண்டவாளத்த உட்டு எறங்கவா போகுது?"

சாம்பவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திருப்பிச் சொல்லுங்கோ."

"தினமும் ஒரே பாதை எண்டு செல்றேன். நேத்து சிக்னல் இல்லாத எடத்துல இண்டைக்கும் இரிக்காது."

அதற்குப் பிறகு சேர்ந்தும் தனியாகவும் ஒன்பது முறை ரயிலில் போய்வந்தார்கள். வெவ்வேறு கம்பனிகளின் சிம் போட்ட நாலு போன்களை இருக்கைக்கு முன்னாலுள்ள தட்டில் வரிசையாக வைத்து, நூறு மீற்றருக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் இணைப்பையும் பதிந்தார்கள். அதிலிருந்து பாதையின் வரைபடம் ஒன்று உருவானது. நல்ல இடம் பச்சை, மோசமான இடம் சிவப்பு. மாங்குளத்தைத் தாண்டினால் முறிகண்டி வரும்வரை பதினொரு நிமிடம் கடுஞ்சிவப்பு.

பெட்டியின் மேல் தட்டில் வைக்க, பிஸ்கட் தகரப்பேணி அளவில் ஒரு கருவி செய்தார்கள். எல்லோரும் அதைப் பேணி என்றே அழைத்தார்கள். பயணிகளின் போன்கள் அதனோடு இணையும். ரயில் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சிவப்பு வரப்போகிறது என்றால், பச்சையில் இருக்கும்போதே ஒவ்வொருவர் படத்தின் அடுத்த பகுதியையும் இழுத்துச் சேர்த்து வைத்துவிடும். காட்டுக்குள் போனதும் சேர்த்து வைத்ததிலிருந்து கொடுக்கும்.

ஏழாவது பயணத்தில் ஒரு படம் கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம்வரை நிற்காமல் ஓடியது. அர்ஷாத் பக்கத்து ஆசனத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். சாம்பவி அவனை எழுப்பிச் சொன்னாள். அவன் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுவிட்டு மறுபடியும் தூங்கினான்.

எட்டாவது பயணத்தில்தான் நிம்றாவைச் சந்தித்தாள்.

அன்று சாம்பவி தனியாக வந்திருந்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் கோட்டையிலிருந்தே தட்டிலிருந்த நாலு போன்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள். சாம்பல்நிறப் பர்தா, மூக்குக்கண்ணாடி, மடியில் வரைபடச் சுருள். அநுராதபுரம் தாண்டியதும் எழுந்து வந்தாள். சாம்பவி ஏதோ கேட்க வாயெடுக்க, அவள் தன் காதைத் தொட்டுத் தலையசைத்துவிட்டு, எழுதிவைத்திருந்த போனை நீட்டினாள்.

'உங்களிடம் நாலு போன் இருக்கிறது. ஒன்றிலாவது வீடியோ கோல் நிற்காமல் போகுமா?'

சாம்பவி அவளைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். ஒரே போனை மாறிமாறி வாங்கி எழுதிக்கொண்டார்கள். நிம்றாவுக்கு இருபத்தெட்டு வயது. வெள்ளவத்தையில் அக்கா பஹ்மிதாவின் வீட்டில் இருக்கிறாள். கட்டட வரைஞர் ஒருவரிடம் படம் கீறும் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்ச் சித்திரம் படிப்பிக்கிறாள். சம்பளம் இல்லை.

'போக ஆறு மணித்தியாலம், வர ஆறு மணித்தியாலம். அந்த நேரம் நான் யாரோடும் கதைக்க முடியாது,' என்று எழுதினாள். 'காது கேட்கிற ஆட்களுக்குச் சத்தம் அறுந்து அறுந்து வந்தாலும் விளங்கும். எங்களுக்குக் கை நின்றால் வாயைப் பொத்தின மாதிரி.'

'எழுதலாம்தானே?' என்று கேட்டாள் சாம்பவி.

நிம்றா சிரித்தாள். 'உங்கட அம்மாவோடு நீங்கள் எழுதியா கதைக்கிறீர்கள்?'

பிறகு அவளாகவே இன்னொன்றும் எழுதினாள். 'உம்மா பிறந்தது யாழ்ப்பாணம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வெளிக்கிட்டவர்கள். திரும்பிப் போகவில்லை. நான்தான் போகிறேன்.'

சாம்பவி அதை இரண்டு தடவை வாசித்தாள். 'எங்கட வீடும் யாழ்ப்பாணம்தான்' என்று எழுதி, அழித்தாள். 'எனக்குத் தெரியும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். நிம்றா தலையசைத்து வாங்கிக்கொண்டாள்.

நிம்றா கேட்டது சின்ன விஷயமல்ல. படத்தை முன்கூட்டியே இழுத்து வைக்கலாம், அது ஏற்கெனவே எடுத்து முடிந்த படம். அக்கா அடுத்த நிமிடம் கையால் என்ன சொல்லப்போகிறாள் என்பதை எந்தப் பேணியும் முன்கூட்டி இழுக்க முடியாது.

பேர்னாட் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"வேணாம். அவங்க கேட்டது படமும் கிரிக்கெற்றும். இன்னும் மூணு கிழமைதான் இருக்கு. இப்ப போய் புதுசா ஒண்டைத் தொடாதீங்க."

"வேலை நேரத்தில தொடமாட்டன், பேர்னாட் அண்ணை. சனிக்கிழமையில செய்யிறன்."

"சனிக்கிழமை உங்கட. நான் என்ன சொல்ல?" என்றார் அவர். பிறகு படியிறங்கும்போது, "சனிக்கிழமை ஏசி மெஷினைக் கூட்டிப் போடாதீங்க," என்றும் சொன்னார்.

சனிக்கிழமை நிம்றாவும் பஹ்மிதாவும் கொட்டாஞ்சேனைக்கு வந்தார்கள். பஹ்மிதாவுக்குக் காது கேட்கும். தங்கைக்காகச் சிறுவயதிலேயே சைகை மொழி பழகியவள். பேச்சிலும் கை ஓயாமல் அசையும். நிம்றா முன்னறையிலும் பஹ்மிதா பின்னறையிலும் இருந்து வீடியோவில் கதைக்க, அர்ஷாத் இணைப்பை வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டு வந்தான்.

இணைப்பு மெலிந்தபோது பஹ்மிதாவின் படம் அழகாகத்தான் இருந்தது. காதிலிருந்த தோடுகூடத் தெரிந்தது. ஆனால் இரண்டு செக்கனுக்கு ஒருமுறைதான் அசைந்தது. நிம்றா கைகளை விரித்துக் காட்டினாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் சாம்பவி.

பின்னறையிலிருந்து பஹ்மிதா கத்தினாள். "நான் 'நாளைக்கு மாமி வரமாட்டா' எண்டு சென்னேன். அவவுக்கு 'நாளைக்கு மாமி' மட்டுந்தான் போயிரிக்கி!"

அந்த நிமிடம் சாம்பவிக்கு விளங்கியது. எல்லோரும் செய்வதைப்போலவே அவர்களும், இணைப்பு மோசமானால் படத்தின் தெளிவைக் காப்பாற்றி அசைவைக் குறைத்திருந்தார்கள். படம் பார்க்கிறவனுக்கு அது சரி. கையால் கதைக்கிறவர்களுக்கு மறுவளமாக இருக்க வேண்டும். தெளிவு போகட்டும், அசைவு ஒன்றும் விழக்கூடாது.

மாற்றிப் பார்த்தார்கள். பஹ்மிதா கொரகொரவென்று, மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவள்போலத் தெரிந்தாள். நிம்றா ஒரு சொல்லும் தவறவிடாமல் பதில் சொன்னாள். பிறகு வெள்ளைப்பலகையில் எழுதினாள்: 'முகமும் வேண்டும். புருவத்தைத் தூக்கினால் கேள்வி. புருவம் தெரியாவிட்டால் கேட்கிறாவா சொல்கிறாவா என்று தெரியாது.'

அடுத்த சனிக்கிழமை அர்ஷாத் கைகளுக்கும் முகத்துக்கும் மட்டும் கொஞ்சம் கூடுதல் தெளிவு கொடுக்க வழிபண்ணினான். ஆனால் ரயிலில் வைத்துப் பார்த்தபோது புதிதாக ஒன்று இடித்தது. நிம்றாவுக்குப் பின்னால் யன்னல். யன்னலில் மரங்கள் பறந்தன. பறக்கிற ஒவ்வொரு மரத்தையும் அனுப்பப் போய், இருந்த கொஞ்ச இணைப்பில் பாதி வீணானது. சாம்பவி தன் சால்வையை யன்னலில் பிடித்துப் பார்த்தாள். உடனே படம் நேரானது.

"மாங்குளத்துக்கு அங்கால?" என்று கேட்டாள்.

அர்ஷாத் மடிக்கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அங்க பேணியிர லைன் நூல் மாதிரி. படம் இழுக்குற ஆக்களும் அதே நூலத்தான் இழுக்குறாங்க. இது தாங்காது."

இரண்டாம் தடவை காட்டும் நாளும் வந்தது. இந்தமுறை நிறுவனம் டில்ஷானி என்ற பெண்ணை அனுப்பியிருந்தது. நாற்பது வயது மதிக்கலாம், நறுக்கென்று பேசுகிறவள். விடியப்புறம் கல்கிசையிலேயே ரயிலேறி உட்கார்ந்திருந்தாள். வெள்ளவத்தையில் சாம்பவியும் நிம்றாவும் ஏறினார்கள். கோட்டையில் அர்ஷாத் ஏறினான்.

நிம்றா அன்று வந்தது தற்செயலல்ல. அவள் படிப்பிக்கப்போன அதே பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. சம்பளத்தோடு, நிரந்தரமாக. நேர்முகம் பகல் பன்னிரண்டரைக்கு. ரயில் பதினொன்றே முக்காலுக்கெல்லாம் யாழ்ப்பாணம் போய்விடும். இஸ்திரி போட்ட கறுப்பு அபாயாவும், மடியில் பிள்ளைகள் கீறிய படங்களின் கோப்புமாக அவள் நிமிர்ந்து இருந்தாள்.

குருணாகல்வரை எல்லாம் நன்றாய்ப் போனது. டில்ஷானி தனக்கென்று ஒரு படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, இடையிடையே சின்னப் புத்தகத்தில் ஏதோ குறித்தாள். பெட்டியில் முப்பது பேருக்கு மேல் பேணியோடு இணைந்திருந்தார்கள். சாம்பவி அப்போதுதான் சுவாசித்தாள் என்று சொல்லலாம்.

கல்கமுவையில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். முதல்நாள் மழையில் ஊறிய மரமொன்று முன்னால் தண்டவாளத்தின்மேல் சாய்ந்துவிட்டது. வெட்டி அகற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

நிம்றா மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. கோப்பின் மூலையை மட்டும் விரலால் மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலம் போனது. இரண்டும் போனது. கடைசியில் ரயில் அசைந்தபோது யாழ்ப்பாணம் போய்ச்சேர ஒன்றே முக்கால் ஆகும் என்று அர்ஷாத் கணக்குப் பார்த்தான். நிம்றா பள்ளிக்கூடத்துக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. அவள் அதைச் சாம்பவிக்குக் காட்டினாள்.

'தெரிவுக்குழுவில் ஒருவர் ஒரு மணிக்குப் புறப்பட வேண்டும். இன்று முடியாவிட்டால் மற்றவர்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டிவரும். பன்னிரண்டரைக்கு வீடியோவில் வர முடியுமா?'

பன்னிரண்டரைக்கு ரயில் எங்கே இருக்கும் என்று சாம்பவி வரைபடத்தைப் பார்க்காமலே சொல்லுவாள். மாங்குளத்தில்.

அவள் அர்ஷாத்தைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்திருந்தான்.

"ஒரே வழிதான்," என்றான் தணிந்த குரலில். "அந்தப் பதினொரு நிமிஷமும் படங்களுக்கு ஒண்டும் இழுக்காம நிப்பாட்டோணும். நூல் முழுக்க இவவுக்கு. வவுனியால நிக்கக்குள்ள ஏலுமான மட்டும் சேத்து வெச்சிரலாம்."

"எத்தினை நிமிசத்துக்குச் சேர்க்கலாம்?"

"முப்பது பேருக்கும் எண்டா ஒம்பது. கூடினா பத்து."

"பதினொண்டு வேணும்."

"ஓ. ஒரு நிமிஷம் போல எல்லாருக்கும் நிக்கும். அவவுக்கும்." கண்ணால் டில்ஷானியைக் காட்டினான்.

சாம்பவி எழுந்தாள். பேர்னாட்டுக்கு அழைத்துக் கேட்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்ததால் அழைக்கவில்லை. டில்ஷானியின் முன்னால் போய் இருந்து, நடந்ததையும் நடக்கப்போவதையும் ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நிம்றா யார், எங்கே போகிறாள், எதற்காக என்றும் சொன்னாள்.

டில்ஷானி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியென்றால் என் படம் நின்றுபோகும்."

"ஆம். ஏறக்குறைய ஒரு நிமிடம்."

"அதை என்ன என்று நான் எழுதுவது?"

"நின்றது என்று எழுதுங்கள். நான்தான் நிறுத்தினேன் என்றும் எழுதுங்கள்."

டில்ஷானி புத்தகத்தை மூடிப் பேனாவை அதற்குள் செருகினாள். "ஹரி," சரி என்று சிங்களத்தில் சொன்னாள். "அந்தப் பெண் எங்கே?"

வவுனியாவில் ரயில் நாலு நிமிடம் நின்றது. பேணி வெறிபிடித்ததுபோல இழுத்துச் சேர்த்தது. புறப்பட்டதும் சாரதி இழந்த நேரத்தைப் பிடிக்க வேகமெடுத்தார். ஓமந்தை, புளியங்குளம் எல்லாம் பெயர்ப்பலகை வாசிக்க முடியாமல் ஓடின. நிம்றா போனைத் தட்டில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு சாய்த்து நிறுத்தினாள். பின்னால் யன்னல் பளீரென்று இருந்தது. அந்த இருக்கைக்குத் திரைச்சீலை கிடையாது. சாம்பவி தன் சால்வையை எடுத்தாள், ஆனால் அவள் அர்ஷாத்தின் பக்கத்திலிருந்து எண்களைப் பார்க்க வேண்டும்.

"தாருங்கள்," என்றாள் டில்ஷானி.

சால்வையை வாங்கி, நிம்றாவுக்குப் பின்னால் இருக்கையில் முழங்காலூன்றி, இரண்டு கையாலும் யன்னலை மறைத்துப் பிடித்தாள்.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்குத் திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் இருந்த அதிபர் அம்மையார் கைகளை உயர்த்தி வணக்கம் சொன்னார். நிம்றா பதில் சொன்னாள். ரயில் மாங்குளத்தைத் தாண்டியது.

படம் உடனே கெட்டது. மூன்று முகங்களும் கரைந்து மங்கின. சுவரிலிருந்த கலண்டர் வெறும் வெள்ளைப் புள்ளியானது. சாம்பவி நகத்தைக் கடித்தாள். ஆனால் அதிபரின் கைகள் அசைந்தன. விட்டுவிட்டு அல்ல, ஓடுகிற தண்ணீர்போல அசைந்தன. நிம்றா முன்னால் சாய்ந்து பார்த்தாள். பிறகு அவள் கைகள் எழுந்தன.

அவள் என்ன சொன்னாள் என்று அந்தப் பெட்டியில் யாருக்கும் தெரியாது. கைகள் நெஞ்சிலிருந்து விரிந்து போய், காற்றில் எதையோ வரைந்து, திரும்பி வந்து விரல்களில் முடிந்தன. பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டி, ஒன்றைப் பார்த்துத் தானே சிரித்தாள். அங்கே மூவரும் சிரித்தது மங்கலாகத் தெரிந்தது. ரயில் ஆடியது. டில்ஷானி ஒரு பக்கம் சரிந்து, சால்வையை விடாமல் நிமிர்ந்தாள்.

"ஒம்பதாவது நிமிஷம்," என்றான் அர்ஷாத். "படங்க முடியப்போகுது."

பத்தாவது நிமிடத்தில் பெட்டியின் மறுமுனையில் ஒருவர் எழுந்தார்.

"தம்பி! இது நிண்டுபோச்சு! நல்ல கட்டத்தில நிண்டுபோச்சு!"

"எனக்கும்தான்," என்றது இன்னொரு குரல்.

அர்ஷாத் எழுந்து நின்றான். "ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க. ஒரு புள்ளைக்கு இன்டர்வியூ நடக்குது. அவவுக்குக் குடுத்திரிக்கிறோம்."

முதலில் எழுந்தவர் நடைபாதைவழியே எட்டிப் பார்த்தார். போனுக்கு முன்னால் கையசைக்கும் பெண்ணையும், முழங்காலூன்றித் துணி பிடிக்கும் இன்னொரு பெண்ணையும் கண்டார். திரும்பிப் போய்த் தன் இருக்கையில் இருந்தார். அவருடைய மனைவி மட்டும், "என்ன வேலைக்காம்?" என்று கேட்டாள்.

அதே நேரத்தில் திரை ஒரேயடியாகக் கறுத்தது. நிம்றாவின் கைகள் பாதியில் நின்றன. சாம்பவி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் படம் வந்தது. அதிபர் கையை உயர்த்தி, திருப்பிச் சொல்லும்படி காட்டினார். நிம்றா நின்ற இடத்திலிருந்தே தொடங்கினாள்.

முறிகண்டி கடந்தது. அர்ஷாத் ஒரு விசையைத் தட்ட, பெட்டி முழுவதும் படங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. கிளிநொச்சிக்குக் கிட்ட, மூன்று முகங்களும் கலண்டரோடு தெளிவாகத் தெரிய, நேர்முகம் முடிந்தது. நிம்றா போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டில்ஷானி சால்வையை மடித்துச் சாம்பவியிடம் கொடுத்துத் தோள்மூட்டை உருவிக்கொண்டாள்.

"என் படத்தில் யார் கொலைகாரன் என்று இப்போது எனக்குத் தெரியாது," என்றாள்.

திங்கட்கிழமை காலை சாம்பவி எல்லாவற்றையும் பேர்னாட்டிடம் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

"எடுத்திருந்தா வேண்டாம் எண்டிருப்பீங்கள்."

"ஓம். எண்டிருப்பன்." அவர் கதிரையைத் திருப்பினார். முகத்தில் கோபம் போகவில்லை. "ஏழு பேரிட வேலை, சாம்பவி. அதையும் நினைச்சீங்களா?"

"நினைச்சனான்," என்றாள். அது உண்மை. அந்தக் கிழமை முழுவதும் அவர் அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டில்ஷானியின் அறிக்கை வந்தது. மாங்குளத்துக்கு அப்பால் படம் ஐம்பத்திரண்டு செக்கன் நின்றது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். மற்ற எட்டு மணித்தியாலமும், ரயில் நின்ற இடத்திலும் ஓடிய இடத்திலும், ஒருமுறைகூட நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பரிந்துரை. சேர்த்து வைக்கக்கூடிய படம் காத்திருக்க வேண்டும், காத்திருக்க முடியாத நேரடி அழைப்புக்கு இணைப்பு முதலில் போக வேண்டும். கைமொழி பேசுவோருக்குத் தனி முறை வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதானால் நாலு பெட்டிகளில் ஆறு மாதம் ஓடவிட்டுப் பார்க்க நிறுவனம் தயார்.

பேர்னாட் அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். பிறகு சாம்பவியின் மேசைக்கு வந்தார்.

"இனி அந்த வேலைய சனிக்கிழமை செய்ய வேணாம். கிழமை நாளிலயே செய்யுங்க." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினார். "அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

அப்போது யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பஹ்மிதா கொட்டாஞ்சேனைக்கு நேரே வந்து, மாடிப்படியிலேயே நின்று கத்தினாள். "கெடச்சிட்டு! தங்கச்சிக்குக் கெடச்சிட்டு!" கீழே உடுப்புக் கடையிலிருந்து யாரோ என்ன கிடைத்தது என்று எட்டிப் பார்த்தார்கள்.

நிம்றா தை மாதம் யாழ்ப்பாணம் போனாள். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஓர் அறை எடுத்தாள். உம்மா வந்து ஒரு கிழமை நின்றதாகவும், பழைய தெருவைத் தேடிப்போய்ப் பார்த்ததாகவும், பாதி வீடுகளை அடையாளம் தெரியவில்லை என்றாலும் பள்ளிவாசலடியில் ஒரு அம்மா உம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

சாம்பவி செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து வரும் வழியில் பஹ்மிதாவிடம் சைகை மொழி பழகத் தொடங்கினாள். விரல்கள் பணிய மறுத்தன. பஹ்மிதா பிடித்து வளைத்துவிடுவாள். "கைக்கு வெக்கம் போகோணும்," என்பாள். "அதுக்குப் பொறகுதான் மத்ததெல்லாம்."

பங்குனியில் ஒரு பிற்பகல், புதிதாய்ப் பேணி பூட்டிய பெட்டி ஒன்றைப் பார்க்கச் சாம்பவி யாழ்ப்பாண ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது நிம்றாவின் அழைப்பு வந்தது. மாங்குளம் அப்போதுதான் கடந்திருந்தது. சாம்பவி பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டு யன்னலை ஒரு துணியால் மறைத்துக்கொண்டாள். போனைத் தட்டில் நிறுத்தினாள். எழுதவில்லை. கைகளை உயர்த்தி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எத்தனை மணிக்கு வந்துசேருவேன் என்று சொன்னாள்.

கொரகொரப்பான திரையில் நிம்றாவின் புருவங்கள் உயர்ந்தன. பிறகு அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சாம்பவி செய்த தவறைச் செய்து காட்டி, சரியான அசைவையும் காட்டினாள். சாம்பவி திருப்பிச் செய்தாள். நிம்றா இல்லை என்று தலையாட்டி, சுண்டுவிரலை இன்னும் கொஞ்சம் மடக்கச் சொன்னாள்.